கொழும்பில் வாங்கிக்கொண்டு போகவா, அங்கே போய் வாங்கவா?

விசுவமடுவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

"அக்கா, எங்களுக்கு விசா சரிவந்துவிட்டது. டிசம்பர் நடுவில் நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற என் கணவரிடம் போகிறோம். மகனுக்கு 4 வயதும் 2 மாதமும், நிறை 15.4 கிலோ. மகளுக்கு 11 மாதம், 8.2 கிலோ. அங்கே பிள்ளைகளை இருத்திப் பட்டி பூட்டுகிற கார் சீற் இல்லாமல் அவர்களைக் காரில் ஏற்ற முடியாதாம். கொழும்பில் ஒரு கடையில் மலிவாக இருக்கிறது, வாங்கிக்கொண்டு போ என்கிறான் தம்பி. லண்டன் சித்தி வந்தபோது கொண்டுவந்துவிட்டு விட்டுப்போன சீற் ஒன்றும் எங்கள் வீட்டில் கிடக்கிறது. கனடா மச்சாளோ தன் மகனின் பழைய சீற்றைத் தருகிறேன் என்கிறா. மகனுக்கு 4 வயது முடிந்துவிட்டதால் சும்மா உயர்த்தி வைக்கிற பூஸ்ரரே காணும் என்றும் சொல்கிறா. நான் எதைச் செய்வது? கிளிநொச்சியில் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்."

தங்கச்சி, கொழும்புக் கடையை முதலில் மறந்துவிடுங்கள். கனடாவில் பாவிப்பதற்கென்று இங்கே ஒரு சீற்றும் வாங்க வேண்டாம், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், எவ்வளவு வடிவாக இருந்தாலும்.

நாங்களும் அப்படித்தான் ஒன்றை வாங்கிக்கொண்டு போனோம். நீல நிறம், முதுகுப் பக்கம் யானைப் படம், பெட்டியோடு எட்டுக் கிலோ. அந்த எட்டுக் கிலோவுக்காக அம்மா இடித்துக் கட்டித்தந்த மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் சூட்கேசிலிருந்து இறக்கினோம். போய் மூன்றாம் கிழமை, பிள்ளைக்கு ஊசி போடப் போன இடத்தில் ஒரு தாதி அந்தச் சீற்றைக் கவிழ்த்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். உறையைத் தூக்கிப் பார்த்தார். "இதில் ஒன்றும் ஒட்டியில்லையே" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. அந்த யானைச் சீற் பிறகு இரண்டு வருடம் எங்கள் வீட்டில் உடுப்புக் கூடையாக இருந்தது. மிளகாய்த்தூளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். பிற்காலத்தில் நானே ஸ்காபரோவில் பொதுச் சுகாதாரத் தாதியாகி, கார்க் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுச் சீற் பூட்டிப் பார்க்கிற வேலையைப் பல வருடம் செய்ததற்கும் ஒருவகையில் அந்த யானைதான் காரணம்.

அந்தத் தாதி தேடியது ஒரு சின்ன ஸ்ரிக்கர். வட்டத்துக்குள் மேப்பிள் இலையும் ஓர் இலக்கமும் இருக்கும். கனடாவின் தேசியப் பாதுகாப்பு அடையாளம் என்று அதற்குப் பெயர். கனடாவின் விதிப்படி சோதித்துத் தேறிய சீற்றில் மட்டும்தான் அது ஒட்டியிருக்கும். அது இல்லாத சீற்றை நாட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது, விற்கவும் கூடாது, காரில் பூட்டவும் கூடாது. பக்கத்து நாடான அமெரிக்காவில் வாங்கிய சீற்றுக்கே இதுதான் நிலை. ஒரே கொம்பனி, ஒரே நிறம், பெட்டி கூட ஒரே பெட்டி, ஆனால் இலை இல்லையென்றால் இல்லைதான்.

இது வெறும் கடதாசிப் பிரச்சினையா என்று கேட்பீர்கள். பாதி அப்படித்தான், மீதி அப்படியில்லை. கனடாச் சீற்றில் பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே இரண்டு பட்டிகளையும் சேர்த்துப் பிடிக்கிற கிளிப் ஒன்று இருக்கும். லண்டன் சீற்றில் அது இருக்காது, ஏனென்றால் அவசரத்தில் பிள்ளையை ஒரே அமத்தில் விடுவிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. முன்பார்த்த சீற்றின், அதாவது பிள்ளை காரின் முன்பக்கத்தைப் பார்த்து இருக்கிற சீற்றின், தலைப்பக்கத்திலிருந்து ஒரு பட்டி பின்னுக்குப் போய்க் காரில் கொளுவ வேண்டும் என்பது கனடாவில் கட்டாயம். ஐரோப்பியச் சீற்களில் பலவற்றில் அதற்குப் பதிலாகக் கீழே ஊன்றுகிற கால் இருக்கும். சீற்றும் காரும் சட்டமும் ஒரு குடும்பம் மாதிரி, ஒன்றையொன்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் பிரித்துக் கொண்டுபோய் இன்னொரு வீட்டில் வைத்தால் பொருந்தாது.

இந்தப் பதிலை வேறு நாடுகளுக்குப் புறப்படுகிறவர்களும் வாசிப்பீர்கள், வன்னியில் விமானம் ஏறாத வீடு எது? அதனால் சுருக்கமாக: இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் என்றால் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் ஓர் இலக்கமும் உள்ள செம்மஞ்சள் அல்லது வெள்ளை லேபல் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைக்குரிய சீற் தேவை. ஜெர்மனியிலும் சுவிசிலும் அந்த உயரம் 150 சென்ரிமீற்றர். பிரான்சில் 10 வயது வரை. அவுஸ்திரேலியா கனடாவைப் போலத் தனி வழி. ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 1754 என்ற தங்கள் தரத்துக்குரிய சீற்றைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டார்கள். லண்டனில் இருந்து மெல்பேணுக்குக் குடிபோகிறவர்கள் கூட நல்ல சீற்றை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எந்த நாடானாலும் கார் ஓடுகிற ஊரில் வாங்குங்கள்.

சரி, உங்கள் பிள்ளைகளுக்கு வருவோம்.

மகனுக்குப் பூஸ்ரர் காணும் என்று மச்சாள் சொன்னது பிழை. கோபிக்காதீர்கள், அவவுடைய மகன் அங்கே பிறந்து வளர்ந்தவன், 4 வயதில் 19 கிலோ இருந்திருப்பான், அவனுக்குச் சரியாக இருந்திருக்கும். ஸ்காபரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டம் பார்ப்பது முதலில் நிறையைத்தான். 9 கிலோ வரை பிள்ளை பின்பார்த்து, அதாவது முகம் காரின் பின்பக்கத்தைப் பார்க்க, இருக்க வேண்டும். 9 இலிருந்து 18 கிலோ வரை ஐந்து இடத்தில் பிடிக்கிற பட்டி உள்ள சீற்றில் முன்பார்த்து இருக்கலாம். 18 கிலோவைத் தாண்டிய பிறகுதான் பூஸ்ரர். அதிலிருந்து 8 வயது, 36 கிலோ, 145 சென்ரிமீற்றர் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டினால் காரின் பெல்ற் மட்டும் போதும். 15.4 கிலோவில் உங்கள் மகன் பட்டிச் சீற்றுக்குரிய பிள்ளை. இதை மீறினால் கார் ஓட்டுகிறவருக்கு 240 டொலர் தண்டம், அனுமதிப்பத்திரத்தில் 2 புள்ளி. மச்சாள் அல்ல, உங்கள் கணவர்தான் கட்ட வேண்டும்.

எங்கள் ஊரில் இருந்து போகிற அநேகமான குடும்பங்கள் சறுக்குகிற இடம் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் கூட 4 வயது ஆண் பிள்ளையின் நடு நிறை 16.3 கிலோதான், 5 வயதில்தான் அது 18.3 ஆகிறது. எங்கள் பிள்ளைகள் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழே. ஆகவே "இத்தனை வயதுக்கு இந்தச் சீற்" என்று கடைப்பெட்டியில் போட்டிருக்கிற படத்தை நம்பி வாங்கினால் பட்டி தோளில் நிற்காது. வயதைப் பற்றி யார் கதைத்தாலும் கிளினிக் கொப்பியைத் திறந்து நிறையைப் பாருங்கள். பயணத்துக்கு முதல் கிழமை மிட்வைஃப் அக்காவிடம் ஒருக்கால் இருவரையும் நிறுத்து, உயரத்தையும் அளந்து, எண்களைக் கணவருக்கு அனுப்பிவிடுங்கள். சீற் வாங்க அவருக்கு வேண்டியது அந்த நாலு எண்கள்தான்.

மகளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை, பின்பார்த்த சீற். கனடாவில் 20 இறாத்தல் அரிசிப் பை விற்கும், அது 9 கிலோ. சட்டத்தின் முதல் கோடும் அதே 9 கிலோதான், உங்கள் மகள் அந்தப் பையை விடக் கொஞ்சம் இலேசு. ஆனால் 9 கிலோ ஆன அன்றே திருப்பிவிடாதீர்கள். அது சட்டம் பொறுக்கிற எல்லை மட்டுமே. பின்பார்த்து 18 கிலோ வரைக்கும் தாங்குகிற சீற்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, அந்தச் சீற்றின் எல்லை முடியும்வரை அப்படியே விடுவதுதான் நல்லது. கால் மடங்கி இருக்கிறதே என்று மாமி கவலைப்படுவா. பிள்ளை சப்பாணி கட்டி இருக்கும், அதற்கு அது சுகம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது கேட்டால் நீங்கள் விளக்க வேண்டும். பிறந்த குழந்தையின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலை. பெரியவர்களுக்கு அப்படியில்லை. அந்தப் பாரமான தலையைத் தாங்குகிற கழுத்து எலும்பு இன்னும் முற்றவில்லை. கார் முன்னால் எதிலாவது மோதினால் முன்பார்த்த பிள்ளையின் உடம்பைப் பட்டி பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க ஒன்றுமில்லை, அது முன்னுக்குப் பறக்கும். பின்பார்த்து இருந்தால் தலை, முதுகு, இடுப்பு எல்லாம் சேர்ந்து சீற்றின் முதுகில் அமர்ந்துகொள்ளும். பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி.

"மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் அம்மா கட்டாயம் கேட்பா. 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், ஒரு நடுத்தரப் பனையின் வட்டிலிருந்து விழுவது மாதிரி. விழுகிற அந்த நொடியில் 8 கிலோப் பிள்ளை பல மடங்கு பாரமாகிவிடும், எந்தத் தாயின் கையும் நிற்காது. இதை இங்கே சொல்வது எனக்கு எப்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடித் தப்பிய சனம் நாங்கள். அந்தக் கையை நம்பாதே என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அம்மாவோடு வாதாட வேண்டாம். "அது அங்கத்தைய சட்டமாம்" என்று சொல்லிவிடுங்கள், சட்டம் என்றால் பேசாமல் இருப்பா.

இனி மச்சாளின் பழைய சீற். இலை அடையாளம் இருக்கும், அங்கே வாங்கியதுதானே. பார்க்க வேண்டியது வேறு. ஒன்று, காலாவதித் தேதி. ஆம், பாண் பைக்குப் போல கார் சீற்றுக்கும் தேதி உண்டு. கொம்பனியைப் பொறுத்து செய்த நாளிலிருந்து 6 இலிருந்து 10 வருடம் வரை போடுவார்கள். வெயிலிலும் பனியிலும் கிடந்து பிளாஸ்ரிக் முறுகிவிடும் என்பதுதான் காரணம். சீற்றின் அடியில் அல்லது முதுகில் அச்சாகி இருக்கும். மற்றது, எப்போதாவது காரோடு சேர்ந்து அடிபட்டதா என்பது. வெளியில் கீறல் கூட இல்லாமல் உள்ளே வெடித்திருக்கலாம், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கொம்பனி திருப்பிக் கேட்ட மொடலா என்பதைக் கனடாப் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் பார்க்கலாம். மொடல் இலக்கத்தையும் செய்த தேதியையும் லேபலில் இருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாவனைக் கையேடு தொலைந்திருந்தால் கொம்பனியின் தளத்தில் இருக்கும்.

இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டாம். கணவரைக் கேட்கச் சொல்லுங்கள், அவருடைய சகோதரி. நீங்கள் இங்கே இருந்து "அது அடிபட்டதா மச்சாள்?" என்று தொலைபேசியில் கேட்டால், போய் இறங்க முதலே ஒரு மனஸ்தாபம். எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில் வந்தால் தாராளமாக வாங்குங்கள், சொந்தக்காரர் தருகிற, கதை தெரிந்த சீற்றில் குறை இல்லை. முன்பின் தெரியாத ஆளிடம் இணையத்தில் 30 டொலருக்கு வாங்குவதுதான் வேண்டாம். ஒரு பதில் இழுபட்டாலும் "இடம் காணாது மச்சாள்" என்று சொல்லி விட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்கினால், விலை கூடிய சீற் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். கனடாவில் விற்கிற எல்லாச் சீற்றும் 48 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுப் பார்க்கிற அதே சோதனையில் தேறியவைதான். 500 டொலருக்கு நீங்கள் வாங்குவது மெத்தை, துணி, குவளை வைக்கிற கிண்ணம். பின்பார்த்தும் பிறகு முன்பார்த்தும் பூட்டக்கூடிய மாற்றுச் சீற் ஒன்று மகளுக்கு. மகனுக்கு 29, 30 கிலோ வரை பட்டி தாங்கி, பிறகு பூஸ்ரராக மாறுகிற சீற் ஒன்று. வாங்கியதும் பெட்டிக்குள் இருக்கிற பதிவு அட்டையை நிரப்பி அனுப்பிவிட வேண்டும், பிழை ஏதும் கண்டுபிடித்தால் கொம்பனி உங்களைத் தேடி அறிவிக்க அது வேண்டும்.

கணவருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று: சீற் இரண்டும் நீங்கள் இறங்குவதற்கு ஒரு கிழமை முன்பே காரில் பூட்டியிருக்க வேண்டும். விமான நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தில், பிள்ளைகள் தூங்கி வழிய, பெட்டியை உடைத்துக் கையேட்டை விரிக்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். பூட்டி முடித்ததும், பெல்ற் நுழைகிற இடத்தில் சீற்றைப் பிடித்து ஆட்டிப் பார்க்கட்டும். 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்தால் காணாது, முழங்காலை ஊன்றி அமத்திக்கொண்டு மறுபடி இழுக்க வேண்டும். அவருடையது பழைய கொறோலா என்றாலும் 2002 செப்ரெம்பருக்குப் பின் செய்ததென்றால் பின் சீற்றின் மடிப்புக்குள் கொளுவுகிற இரும்புக் கம்பிகள் இருக்கும். கம்பியில் கொளுவலாம், அல்லது பெல்ற்றால் கட்டலாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் பலம் என்று நினைக்கிறவர்கள் உண்டு, கையேடு சொன்னாலன்றி அப்படிச் செய்யக்கூடாது. மகனின் முன்பார்த்த சீற்றுக்குத் தலைப்பக்கப் பட்டியைப் பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற தட்டில் கொளுவ வேண்டும். அந்த இடம் ஒரு சின்ன மூடியால் மூடியிருக்கும். நான் பார்த்த கார்களில் அதிகமாக விடுபட்டது இந்தப் பட்டிதான், சீற்றின் முதுகுக்குப் பின்னால் பாம்புபோலச் சுருண்டு கிடக்கும். பின்பார்த்த சீற்றைக் காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் ஒருநாளும் வைக்கக்கூடாது. அப்புறம், அந்த 20 இறாத்தல் அரிசிப் பை ஒன்றை மகளின் சீற்றில் இருத்திப் பட்டியைப் பூட்டிக் கழற்றிப் பழகச் சொல்லுங்கள். சிரிப்பார். பழகட்டும்.

சில நகரங்களில் சுகாதாரப் பகுதியினரும் பயிற்சி பெற்ற தொண்டர்களும் சீற்றைப் பார்த்துச் சரிசெய்து தருவார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், அங்கேயே பிறந்தவர்களும் பிழையாகத்தான் பூட்டிக்கொண்டு வருவார்கள்.

நீங்கள் போகிறது டிசம்பர். கணவர் ஆசையோடு பஞ்சுபோல உப்பிய ஜக்கெற் இரண்டு வாங்கிக்கொண்டு வருவார். விசுவமடு வெயிலில் இருந்து போகிற பிள்ளைகளுக்கு வெளியில் அது வேண்டும்தான், ஆனால் சீற்றுக்குள் கூடாது. வேண்டுமென்றால் செய்து பாருங்கள்: ஜக்கெற்றோடு மகனை இருத்திப் பட்டியை இறுக்குங்கள். பிறகு பட்டியைத் தளர்த்தாமல் அவனை எடுத்து, ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு மறுபடி இருத்துங்கள். பட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உங்கள் முழுக் கையும் போகும். மோதும்போது ஜக்கெற்றின் பஞ்சு அமுங்கி அந்த இடைவெளிதான் மிஞ்சும், பிள்ளை அதற்குள்ளால் வழுகிவிடும். மெல்லிய கம்பளிச் சட்டையோடு இருத்தி, பட்டியை இறுக்கி, அதற்கு மேலால் ஜக்கெற்றைத் திருப்பிப் போர்த்துவிடுங்கள். இறுக்கம் சரியா என்று பார்க்கத் தோளடியில் பட்டியைக் கிள்ளிப் பாருங்கள். துணி விரலில் மடிந்து வந்தால் இன்னும் இறுக்க வேண்டும், வழுக்கினால் சரி. நெஞ்சுக் கிளிப் அக்குள் மட்டத்தில் இருக்கட்டும், வயிற்றுக்கு இறங்கக்கூடாது. தோள்பட்டி வெளிவருகிற துவாரம் பின்பார்த்த மகளுக்குத் தோளுக்குச் சரியாக அல்லது சற்றுக் கீழே, முன்பார்த்த மகனுக்குத் தோளுக்குச் சரியாக அல்லது சற்று மேலே.

விமானத்தில் மகனுக்குத் தனி இருக்கை உண்டு, மகள் உங்கள் மடியில். அங்கே பணிப்பெண்கள் சொல்கிறபடி செய்தால் போதும்.

நீங்கள் எழுதாத ஒன்று எனக்கு இதெல்லாவற்றையும் விடக் கவலை. கனடாவில் பியர்சன் விமான நிலையத்திலிருந்து ஸ்காபரோ அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம். விசுவமடுவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம்? பரந்தன் சந்தியில் திரும்பி, ஏ9 பிடித்து வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று ஓர் இரவு முழுக்க வாடகை வான் ஒன்றில் போகப்போகிறீர்கள். மாரி காலம். மழை விட்டால் சூடான தார் றோட்டில் மாடுகள் வந்து படுக்கும். வழியனுப்ப வருகிறவர்களோடு பதினாலு பேர், பிள்ளைகள் மடிக்கு மடி மாறிக்கொண்டிருப்பார்கள், டிரைவர் தம்பி முதல் நாளும் ஓடியிருப்பார். பிள்ளைகளின் பயணத்தில் ஆபத்தான பகுதி இதுதான், பொலிஸ் தண்டம் போடாத பகுதியும் இதுதான். 2011 இல் முன் இருக்கைக்குப் பெல்ற் கட்டாயமான பிறகும் பின்னால் இருப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

லண்டன் சித்தியின் சீற் இங்கேதான் கைகொடுக்கும். கனடாவுக்குச் செல்லாது, கட்டுநாயக்காவுக்குச் செல்லும். லேபலில் 9 இலிருந்து 18 கிலோ என்று போட்டிருந்தால் மகனுக்கு அளவு சரி. எங்கே வைத்திருந்தீர்கள்? தகரக் கொட்டிலுக்குள் என்றால் முதலில் வெளியில் எடுத்துப் பட்டியை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள், எலி கடித்த இடம் உறைக்குக் கீழேதான் இருக்கும். ஒரு நூல் அறுந்திருந்தாலும் வேண்டாம். ஊத்தையென்றால் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், பட்டியைக் குளோரின் போட்டு ஊறவைக்கக்கூடாது. அடிப்பக்கப் பிளாஸ்ரிக்கில் மணிக்கூட்டு முகம் மாதிரி ஒரு சின்ன வட்டம் அச்சாகியிருக்கும். சுற்றி 1 இலிருந்து 12, நடுவில் இரண்டு இலக்கம், ஓர் அம்பு. நடுவில் இருப்பது வருடம், அம்பு காட்டுவது மாதம். அதுதான் சீற்றின் பிறந்தநாள். கையேட்டில் கொம்பனி சொல்கிற வயதைத் தாண்டவில்லை என்றால் பாவியுங்கள்.

வானைப் பேசும்போது விலைக்கு முதல் ஒரு கேள்வி: "தம்பி, பின் சீற்றில் தோளால் வருகிற பெல்ற் இருக்கிறதா?" இருக்கும் என்பார். போய்ப் பாருங்கள். வாடகை வான்களில் சீற்றுக்கு உறை தைத்துப் போட்டு, பெல்ற்றின் பூட்டை உறைக்குக் கீழே புதைத்திருப்பார்கள். கையை மடிப்புக்குள் விட்டால் தூசியும் பழைய ரிக்கற்றும் ஒரு கச்சான் கோதும் வரும், அதற்குப் பிறகு பூட்டு வரும். தோள் பெல்ற் உள்ள இருக்கையைத் தெரிந்து அதில் மகனின் சீற்றைப் பூட்டுங்கள். இடுப்பு பெல்ற் மட்டும் என்றால், சீற்றின் லேபலில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பலவற்றில் இருக்காது.

மகளுக்கு, கைப்பிடி வைத்த கூடைமாதிரிச் சீற் ஒன்று யாரிடமாவது இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள். வெளிநாட்டுச் சொந்தம் வந்துபோன வீடுகளில் அலுமாரிக்கு மேல் கிடக்கும், 13 கிலோ வரை தாங்கும். கிடைக்காவிட்டால், ரயில் ஓடுகிற நாளாகப் பார்த்து நீங்களும் பிள்ளைகளும் கிளிநொச்சியில் ரயில் ஏறிவிடுங்கள், சூட்கேசுகளும் சொந்தங்களும் வானில் வரட்டும். கொழும்பு கோட்டையிலிருந்து கட்டுநாயக்கா 30 கிலோமீற்றர் அளவுதான், மகளுக்கு றோட்டில் இருக்கிற நேரம் ஒரு மணித்தியாலமாகக் குறைந்துவிடும். அதுவும் சரிவராது என்றால் பகலில் புறப்படுங்கள், முன் இருக்கையில் இருக்காதீர்கள், உங்களுக்கு முதலில் பெல்ற்றைப் போட்டுவிட்டு அதற்கு வெளியே மகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரையும் சேர்த்து ஒரே பெல்ற்றைப் போட்டால் மோதும்போது உங்கள் பாரம் முழுவதும் பிள்ளையின் மேல்தான் விழும். இது பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை, இருக்கிறதற்குள் கேடு குறைந்தது.

லண்டன் சீற்றை இன்றைக்கே விறாந்தையில் வைத்துவிடுங்கள். மோட்டார் சைக்கிள் டாங்கில் ஏறி நின்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போய்ப் பழகிய பிள்ளை, ஐந்து பட்டிக்குள் முதல் நாள் கத்தத்தான் செய்வான். பிஸ்கற்றை அதில் இருந்து தின்னட்டும், கார்ட்டூனை அதில் இருந்து பார்க்கட்டும். பட்டியை அவனே பூட்டப் பழகினால் தங்கச்சிக்கும் அவனே பூட்டச் சொல்லி அடம்பிடிப்பான், அதை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.

கிளிநொச்சிப் பக்கம் வருகிற நாளில் சீற்றையும் வானையும் கொண்டுவந்தால் நான் பூட்டிப் பார்த்துத் தருகிறேன், டிரைவர் தம்பியும் நிற்கட்டும். கட்டுநாயக்காவில் இறங்கியதும் சீற்றை அவரிடமே கொடுத்துவிடுங்கள். முள்ளியவளையில் ஒரு குடும்பம் பங்குனியில் சுவிசுக்குப் புறப்படுகிறது, அவர்களுடைய மகனுக்கும் 14 கிலோ.